வெறும் போசி



இது நீளமான பதிவு. பணியில் இருந்தவரை 45 நிமிடத்தில் மணி அடித்து என்னை நிறுத்திவிடுவார்கள். இப்போது மணி அடிக்க ஆள் இல்லை, பேச்சு நீண்டுவிடுகிறது. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாமல் கடந்து போங்கள்.

போன மாதம் ஊரில் எங்கள் பழைய வீட்டுப் பரணை ஒழித்தோம். உடைந்த ராந்தல், ஓட்டை விழுந்த இரும்புச் சால், கறையான் அரித்த பத்திரங்கள் என்று ஒவ்வொன்றாக இறங்கின. அவற்றுக்கு நடுவே ஒரு பித்தளைத் தூக்குப்போசி. எங்கள் கொங்குப் பக்கத்தில் பாத்திரத்தைப் போசி என்போம். ஒரு பக்கக் காது உடைந்து, கம்பியால் கட்டியிருந்தது. அது எங்கள் அப்பத்தாவின் போசி. அதைக் கையில் எடுத்ததும், இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றிவிட்டது.

முதலில் எங்கள் அப்பாருவைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாவின் அப்பா.

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். மழையை நம்பிய காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்த மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். காங்கயம் மாடு பெயர் வாங்கியது அந்தப் புல்லைத் தின்றுதான். அப்பாரு பிறந்தது 1912-ல். அவருக்கு ஆறு வயதானபோது, காளயுக்தி வருடம் ஐப்பசியில், ஒரே வாரத்தில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். 1918-ன் பெரிய காய்ச்சல். இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்கும் மேல் கொண்டுபோன இன்புளுயன்சா அது. நான் சமூக அறிவியல் ஆசிரியர். முதல் உலகப் போர் பாடத்தின் முடிவில் அந்தக் காய்ச்சலை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்த இரண்டு வாக்கியத்துக்குள் எங்கள் பாட்டனும் பாட்டியும் இருந்தார்கள் என்பது வெகு நாள் எனக்கு உறைக்கவில்லை.

பையனைத் தாய்மாமன் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் கிடையாது. மாடு மேய்க்க விட்டார்கள். சோறு, வருடத்துக்கு ஒரு வேட்டி, ஒரு துண்டு. மாமன் கெட்டவர் இல்லை. அவர் வீட்டிலும் ஏழெட்டு வாய் இருந்தது. 12 வருடம் மேய்த்ததற்குக் கூலியாக, தாய் இறந்துபோன ஒரு கிடாரிக்கும் காளைக்கும் நடுவே எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றாராம். நோஞ்சான் காளைக்கன்றை அப்பாரு எடுத்தார். காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும், ஐந்தாறு மாதத்தில் நிறம் மாறத் தொடங்கும். இந்தக் கன்றும் செவலை போய் மயிலை ஆனது. அதைக் கூட்டிக்கொண்டு, தன் அப்பன் விட்டுப்போன 4 ஏக்கரா காட்டுக்கு வந்து ஒரு சாளை போட்டுக்கொண்டார். கூட யாரும் இல்லை. அவரும் ஒற்றைக் காளையும் 25 அடிக் கிணறும்தான். மாசிக்கு மேல் அந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்காது.

இதற்குப் பிறகு நடந்ததை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தலில் யாராவது ஒரு பெரியவர் எடுத்துவிடுவார். அப்பா சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார் அப்பாரு. தோட்டத்துக்காரர் சொன்னாராம்: "தண்ணியில்லாத காட்டுக்குப் பொண்ணத் தர மாட்டேன். கெணத்துல வருசம் பூரா தண்ணி நின்னாப் பாக்கலாம்." அப்பாரு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. 1935 மாசியில் கிணற்றுக்குள் இறங்கினார். கூலிக்கு இரண்டு பேர், கூட அவர். கடப்பாறை போட்டு, உளியால் துளை அடித்து, வெடி வைத்து, கல்லைக் கூடையில் அள்ளி மேலே ஏற்றி, 25 அடியை 42 அடி ஆக்கினார். நடுவில் பாறை வந்து கைக்காசு தீர்ந்ததும் அந்த ஒற்றைக் காளையைச் சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிப்போய் 40 ரூபாய்க்கு விற்றார். வைகாசிக் கடைசியில் வடகிழக்கு மூலையில் ஊற்று திறந்தது. ஆவணியில் கல்யாணம்.

இதுதான் கதை. கடைசியில் அப்பா ஒரு வரி சேர்ப்பார்: "பெரியவங்க ஒண்ணு சொன்னா அதுக்குக் கட்டுப்பட்டு நடந்த குடும்பம் இது."

அந்தக் கடைசி வரி 1983-ல் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொல்லத்தான் இவ்வளவும்.

என் தங்கை எனக்கு இரண்டு வயது இளையவள். படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் மூன்று முறை படித்தால் மண்டையில் ஏறுவது அவளுக்கு ஒரு முறையில் ஏறும். அவளும் ஆசிரியப் பயிற்சியில்தான் இருந்தாள். அங்கே கூடப் படித்த ஒருவரை விரும்பினாள். நல்ல பையன், மரியாதையான குடும்பம், வேறு சாதி. வீட்டில் முதலில் என்னிடம்தான் சொன்னாள். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணா, நீ அப்பாகிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லு. நீ சொன்னாக் கேப்பாரு" என்றாள்.

நான் சொன்னேன். பக்குவமாக இல்லை. எனக்கு 23 வயது. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் என்னை முந்திக்கொண்டது. "இவ பண்ணிட்டு வந்திருக்கற காரியத்தப் பாருங்க" என்றுதான் ஆரம்பித்தேன். தூதுக்குப் போனவன் புகார் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்பா கத்தவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகத் தன் அப்பன் கிணறு வெட்டிய கதையை முழுவதும் சொன்னார். "உங்கப்பாரு ஆசப்பட்டதுக்கு ஓடிப்போய்க் கட்டிட்டு வரல. பெரியவங்க வெச்ச நிபந்தனைக்குத் தலையக் குடுத்துக் கட்டுனாரு. அந்த வம்சத்துல பொறந்துட்டு நீ இப்படிப் பேசலாமா அம்முணி?" என்று கேட்டார். தங்கை பதில் சொல்லவில்லை. பயிற்சி நின்றது. இரண்டு மாதத்தில் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் முடிந்தது. அப்பாரு இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பத்தா அன்றைக்கு அதே திண்ணையின் கோடியில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

தங்கையின் வாழ்க்கை கெட்டுப்போனது என்று சொன்னால் அது பொய். மாப்பிள்ளை நல்ல மனிதர். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அவள் வாத்தியார் ஆகவில்லை. அடுத்த வருடம் எனக்கு வேலை உத்தரவு வந்தது. 34 வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். என்னைவிட நன்றாகப் பாடம் நடத்தியிருக்கக்கூடிய ஒருத்தி, அந்த 34 வருடமும் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "ஸ்கூல் எப்படிண்ணா இருக்குது?" என்று கேட்பாள்.

இனி அப்பத்தா சொன்ன கதை.

1994. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் பேசி அவருடைய சின்ன வயதை இரண்டு பக்கம் எழுதி வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். வரலாறு என்றால் ராஜாக்கள் மட்டும் இல்லை என்று புரியவைக்க அது நல்ல வழி. கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்து, "சார், நீங்க உங்க பாட்டிகிட்டக் கேட்டிருக்கீங்களா சார்?" என்றது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் கேட்டதில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனேன். அப்பத்தா முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு பக்கம் உட்கார்ந்து எடுத்தேன். "அப்பாரு கெணறு வெட்டுன கதையக் கொஞ்சம் சொல்லு அப்பத்தா" என்றேன்.

"அதையத்தான் உங்கொப்பன் ஊரு பூராச் சொல்றானே கண்ணு."

"நீ சொல்லி நான் கேட்டதில்லையே."

"யாரு என்னையக் கேட்டீங்க?" என்றது. கோபம் ஏதும் இல்லை. கொட்டையைத் தட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தது.

இளையவர்களுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். மோட்டார் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கவலை ஓட்டித்தான் இறைப்பார்கள். கிணற்றின் விளிம்பில் இருந்து சரிவாக ஒரு பாதை இறங்கும். இரண்டு மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கினால் சால் நிறைந்து மேலே வரும். சாலுக்குக் கீழே தோலால் ஆன தும்பி. அது வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். பிறகு மாடுகள் பின்னாலேயே நடந்து மேலே ஏற வேண்டும், சால் கிணற்றுக்குள் இறங்கும். விடியற்காலை மூன்று நான்கு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறும்வரை இதே நடை. ஓட்டுகிறவர் சால் எண்ணிக்கை தப்பாமல் இருக்கப் பாடிக்கொண்டே ஓட்டுவார். இதற்கு ஒற்றை மாடு உதவாது. ஜோடி வேண்டும்.

அப்பாருவிடம் இருந்தது ஒற்றைக் காளை. பக்கத்துத் தோட்டத்தில் ஜோடி இருந்தது, 1933-ல் அதில் ஒன்று அடைப்பான் வந்து செத்துப்போனது. நல்ல காலமாக இருந்தால் தோட்டத்துக்காரர் மறுநாளே வேறு மாடு பிடித்திருப்பார். அது உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். பருத்திக்கும் கடலைக்கும் விலை இல்லை. விளைந்ததை விற்றால் வரி கட்டவே இழுபறி. அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு, இந்தப் பக்கம் ஒரு மாடு, இரண்டையும் சேர்த்து ஒரு ஜோடி ஆக்கிக்கொண்டார்கள். விடியற்காலை தோட்டத்துக் கிணற்றில், சாயங்காலம் அப்பாரு கிணற்றில்.

"எங்க வலத்து மாடும் அவிய எடத்து மாடும் ஒரே வாரத்துல ஒண்ணாப் பழகிருச்சு கண்ணு. பிரிச்சுக் கட்டுனாக் கத்தும்" என்றது அப்பத்தா. சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டது.

அப்பத்தாவுக்கு அப்போது 16, 17 வயது. அது பாத்திக்குத் தண்ணீர் கட்டும், அப்பாரு கவலை ஓட்டுவார். இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லையாம். தனியாக இருக்கிற பையன் இராத்திரியில் ஒன்றும் ஆக்குவதில்லை என்று அப்பத்தாவின் அம்மாவுக்குத் தெரிந்தது. "மாடு நமக்கு ஒழைக்குது, மாட்டுக்காரன் பட்டினி கெடந்தா நம்ம பண்ணையத்துக்கு ஆகாது" என்று சொல்லி, பொழுது சாய்ந்ததும் அந்தப் பித்தளைத் தூக்குப்போசியில் கம்மஞ்சோறும் மோரும் ஊற்றி, வேலிக் கடவில் வைத்துவிட்டு வரச் சொல்லி மகளை அனுப்பியது.

மறுநாள் காலை போசி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததாம். எடுத்துப் பார்த்தால் அடியில் துணியில் முடிந்து ஒரு கை எலந்தப்பழம். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். தாய் இல்லாமல் வளர்ந்த பையனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ. அடுத்த நாள் நாலு கத்தரிப் பிஞ்சு. அதற்கடுத்து ஒரு நுங்கு. ஒரு நாள் ஒன்றுமே கிடைக்கவில்லை போலிருக்கிறது, மாடு கட்டக் கையால் திரித்த ஒரு கயிறு இருந்ததாம்.

"எங்காத்தா அதையெல்லாம் பாத்துச் சிரிக்கும். 'நல்ல பழக்கமுள்ள பையன்'ங்கும். நாலஞ்சு மாசம் இப்படியே போச்சு. ஒரு நாள் போசிக்குள்ள ரெண்டு மொழம் மல்லிப்பூவு."

"நீ என்ன பண்ணுன?"

"என்ன பண்றது? தலைல வெச்சா ஆத்தா கேக்கும். தூக்கிப் போட மனசில்ல. கெணத்து மேட்டுப் புள்ளையாருக்குச் சாத்திப்போட்டேன். விடியால கவலை ஓட்ட வந்தவிய புள்ளையாரப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுட்டுச் சிரிச்சாங்க. அன்னைக்குச் சாயந்தரம் கம்மஞ்சோத்துக்கு அடியில ஒரு உருண்ட வெண்ண வெச்சு அனுப்புனேன்."

புளிக்கொட்டைகள் ஒரு குவியலாகச் சேர்ந்திருந்தன. 77 வயது அப்பத்தா தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறது. என் காது சூடாகிவிட்டது.

"அப்புறம் அப்பாரு பொண்ணு கேட்டாராக்கும்?" என்றேன்.

"எங்கெ கேக்கறது? என்னையத்தான் பொறந்தப்பவே மாமன் பையனுக்குன்னு பேசி வெச்சிருந்தாங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எங்கள் குடும்பக் கதையில் இல்லவே இல்லை.

1934 சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்கும் மாட்டுச் சந்தைக்கும் வண்டி கட்டிக்கொண்டு எல்லோரும் போனார்கள். மாமன் வீடும் வந்திருந்தது. வைகாசியில் நிச்சயம் என்று அங்கேயே பேச்சு முடிந்தது. அன்றைக்கு இராத்திரி வண்டிக்கு அடியில் அத்தைக்குப் பக்கத்தில் படுத்திருந்த அப்பத்தா, அத்தையை எழுப்பி, "அத்தே, நான் உங்க வீட்டுக்கு வந்தா எனக்கும் நல்லாருக்காது, உங்க பையனுக்கும் நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டது.

"பளார்னு ஒண்ணு வெச்சா. அப்பறம் 'ஆருடி?'ன்னா. சொன்னேன். விடியற வரைக்கும் ரெண்டு பேரும் தூங்கல. கோழி கூப்படறப்போ என்ற கையப் புடிச்சுட்டு, 'நீ வாயத் தெறக்காத. நான் பாத்துக்கறேன்'னா."

பத்து நாள் கழித்து அத்தை, நிச்சயத்துக்கு முன்னால் சிவன்மலையில் பூக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியது. வெள்ளைப்பூ வந்தால் செய்வது, சிவப்பு வந்தால் விடுவது என்று நினைத்துக்கொண்டு சாமி முன்னால் பூப் பொட்டலம் எடுத்துப் பார்ப்பார்கள். அத்தை திரும்பி வந்து, "செவப்பு வந்திருச்சு" என்றது. முருகன் வேண்டாம் என்றபின் யார் பேச முடியும்? அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

"உண்மையிலயே செவப்பு வந்துச்சா அப்பத்தா?"

"அத்தை மலைப்படியே ஏறலையாமா கண்ணு. அடிவாரத்துலயே உக்காந்து, கொண்டுபோன கட்டுச்சோத்தத் தின்னுபோட்டு வந்துட்டா."

"சாமி பேர்ல பொய்யில்ல அது?"

"பொய்தான். அதுக்கப்பறம் சாகற வரைக்கும் தைப்பூசத்துக்கு அந்த மலைக்கு நடந்தே போனா. அது சாமிக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு."

தன் மகனுக்குப் பேசிய பெண்ணை அத்தை ஏன் விட்டுக்கொடுத்தது என்று கேட்டேன். அப்பத்தாவும் அப்போது கேட்கவில்லையாம். முதல் பிள்ளைக்கு வளைகாப்புப் போட வந்தபோது அத்தை தானாகச் சொன்னதாம்: "என்னையெல்லாம் யாரும் ஒரு வார்த்தை கேக்காமக் கொண்டாந்து விட்டாங்க. உங்க மாமன் நல்ல மனுசந்தான், கொறையில்ல. ஆனாலும் கேட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகுதான் அப்பாரு ஆள் அனுப்பியது, தோட்டத்துக்காரர் தண்ணீர் கேட்டது, கிணறு வெட்டியது எல்லாம். அதில் அப்பா சொன்ன எதுவும் பொய் இல்லை. ஒன்றைத்தான் அவர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. காளையை விற்ற பிறகு ஜோடியும் இல்லை, கவலையும் இல்லை. போசி கொடுத்தனுப்ப ஒரு நியாயமும் இல்லை. ஆனால் அப்பத்தாவின் அம்மா பொழுது சாய்ந்ததும் போசியை நிரப்பி மகள் கையில் கொடுத்து, "கெணறு வெட்டறவனுக்குப் பசிக்கும்டி. கொண்டுபோ" என்றதாம். அந்த அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

அந்த நாட்களிலும் போசி வெறுமனே வரவில்லை. ஒரு கல் இருக்கும். கிணற்றில் அன்றைக்கு உடைத்த பாறையின் சில்லு. வைகாசிக் கடைசியில் ஒரு நாள் காலையில் போசியை எடுத்தபோது கனமாக இருந்தது. விளிம்பு வரைக்கும் கலங்கல் தண்ணீர்.

கல்யாணத்துக்கு அப்பத்தா அந்தப் போசியைச் சீரோடு சீராக எடுத்து வந்தது. தோட்டத்துக்காரர் தன் வலத்து மாட்டைச் சீராகக் கொடுத்தார்.

கேட்டு முடித்தபின் வெகு நேரம் என்னால் பேச முடியவில்லை. தங்கையின் முகம்தான் வந்தது. கடைசியில் கேட்டுவிட்டேன். "83-ல அப்பா அந்தக் கதையச் சொல்லி அவ வாயை அடைச்சாரே. நீ அங்கதான இருந்த. அன்னைக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதா அப்பத்தா?"

அப்பத்தா கையில் இருந்த புளியைக் கீழே வைத்தது.

"சொல்லியிருக்கோணும். உங்கப்பாரு செத்து ரெண்டு வருசம். ஊரே அவிய பேரப் பெருமையாப் பேசுது. நான் வாயத் தெறந்தா அவிய பேருக்கும் அத்தை பேருக்கும் கேடு வந்துருமோன்னு பயந்துபோட்டேன். செத்தவியளுக்குப் பயந்து, இருக்கறவள உட்டுப்போட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னது: "எனக்கு ஒரு அத்தை இருந்தா கண்ணு. உன்ற தங்கச்சிக்கு நான் இருந்திருக்கோணும்."

"நானும்தான் அப்பத்தா" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அப்பத்தா 2003-ல் காலமானது. இந்தக் கதையைத் தங்கையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் திண்ணையில் நான் என்ன சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாணவர்களிடம் உண்மையை ஒத்துக்கொள்ளச் சொல்லி வருடக்கணக்கில் பிரம்பெடுத்தவன், என் முறை வந்தபோது தள்ளிப்போட்டேன்.

ஆனால் ஒன்று நடந்தது. 2015-ல் என் மகள் ஒருவரை விரும்புவதாகச் சொன்னாள். என்னிடம் வருவதற்கு முன்னால் அவள் போய்ச் சொன்னது தன் அத்தையிடம். என் தங்கையிடம். தங்கைதான் பேருந்து ஏறி வந்து என் எதிரில் உட்கார்ந்து, "அண்ணா, பையன நான் போய்ப் பாத்துட்டேன். நல்ல பையன். நீ எதுவும் கெடுத்துராத" என்றாள். நான் கெடுக்கவில்லை. சொந்தத்தில் சிலர் கல்யாணத்துக்கு வரவில்லை. தங்கை முன்வரிசையில் நின்றாள். மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

போன மாதம் போசி கிடைத்ததும் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மல்லிகைப்பூ, வெண்ணெய், கண்ணபுரம், மலையேறாத அத்தை, அப்பத்தா கடைசியில் சொன்னது. பிறகு அப்பாவிடம் நான் எப்படி ஆரம்பித்தேன் என்பதையும் சொன்னேன். 65 வயதில் என் குரல் நடுங்கியது.

தங்கை போசியின் உடைந்த காதைத் தடவிக்கொண்டே கேட்டாள். "எங்கல்யாணத்தன்னைக்கு அப்பத்தா எங்கையப் புடிச்சுட்டு விடவே இல்லண்ணா. எதோ சொல்ல வந்துச்சு. என்னன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள்.

பிறகு சொன்னாள்: "நீ அப்பாகிட்டச் சொன்னது எனக்குத் தெரியும்ணா. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டுத்தான் இருந்தேன்."

42 வருடம் தெரிந்துகொண்டே எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். "சரி, சாப்பிட்டுட்டுப் போ" என்று இலை போட்டாள். போசி அவளிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

நேற்று அவள் மகன் இந்தப் பக்கம் வேலையாக வந்தவன், "மாமா, அம்மா குடுக்கச் சொல்லுச்சு" என்று பையில் இருந்து எடுத்துக் கொடுத்தான். அதே போசி. காதைப் பற்றவைத்து, பளபளவென்று துலக்கியிருந்தாள். உள்ளே கச்சாயம்.

நண்பர்களே, இதில் இருந்து பாடம் எதுவும் நடத்தப் போவதில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். உங்கள் வீட்டிலும் தாத்தாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று இருக்கும். பாட்டி உயிரோடு இருந்தால் அதே கதையை அவரிடம் ஒரு முறை கேளுங்கள். கூட உட்கார்ந்து ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள், அப்போதுதான் சொல்வார்கள். கேட்டதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் காலத்தில் சொல்லிவிடுங்கள். என்னைப் போல 30 வருடம் வைத்திருக்காதீர்கள்.

இந்தப் பதிவைத் தங்கைக்குப் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் போடுகிறேன். இரண்டு எழுத்துப் பிழை கண்டுபிடித்துத் திருத்தினாள்.

போசியை நாளை மறுநாள் திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளே என்ன வைப்பது என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.